அந்த ஃப்ரீசர்களைக் காலி செய்யாதீர்கள்: மேலாண்மைக் குழுவுக்கு ஒரு திறந்த மடல்

மேலாண்மைக் குழுவினருக்கு,

எங்கள் துறைக்கு நீங்கள் அனுப்பிய மின்னஞ்சலில் மொத்தமே மூன்று வாக்கியங்கள். எஸ்.ஐ.வி. (எச்.ஐ.வி.யின் குரங்கு உறவு வைரஸ்) தொற்றுள்ள சூட்டி மங்கபே குரங்குகளை நீண்டகாலமாகக் கண்காணித்துவரும் திட்டத்துக்கு அடுத்த நிதியாண்டிலிருந்து பணம் கிடையாது. அந்தத் திட்டத்தின் உறைநிலைச் சாம்பிள்கள் 'விதிமுறைப்படி அப்புறப்படுத்தப்படும்'. விலங்குகள் பற்றிய முடிவு பின்னர் தெரிவிக்கப்படும். என்ன காரணம், யார் எடுத்த முடிவு, துறையில் யாரையாவது கலந்து பேசினீர்களா, ஒரு தகவலும் இல்லை. கலந்து பேசவில்லை என்பது எனக்கே தெரியும். பேசியிருந்தால் முதலில் என்னிடம்தான் வந்திருக்க வேண்டும், அந்தச் சாம்பிள்களுக்குப் பொறுப்பாளர் நான்.

ஒரு திட்டத்தை நிறுத்துவது உங்கள் அதிகாரத்துக்கு உட்பட்டது, அது எனக்குப் பிடிக்கவில்லை என்றாலும் புரிகிறது. சாம்பிள்களை அழிப்பது அப்படிப்பட்ட விஷயம் இல்லை. நிறுத்திய திட்டத்தை ஐந்து வருடம் கழித்து வேறொரு குழு வந்து மறுபடி தொடங்கலாம். திரவ நைட்ரஜனிலிருந்து எடுத்துக் குப்பையில் கொட்டிய வெள்ளணுக்களை எந்தக் குழு வந்தாலும் திரும்பக் கொண்டுவர முடியாது. நிறுவனத்துக்குள்ளேயே எழுதிப் பார்த்தேன், பதில் வரவில்லை. அதனால்தான் எல்லோரும் பார்க்கும்படி இங்கே எழுதுகிறேன்.

உங்களில் பலர் நிதி, சட்டம், நிர்வாகம் என்று வேறு பக்கங்களிலிருந்து வந்தவர்கள். அதில் குறை சொல்ல ஒன்றுமில்லை, ஆனால் எதை நிறுத்துகிறீர்கள் என்று கொஞ்சம் அடிப்படையிலிருந்து சொல்லியாக வேண்டும்.

ஆப்பிரிக்காவின் 40-க்கும் மேற்பட்ட குரங்கு, மனிதக்குரங்கு இனங்களில் எஸ்.ஐ.வி. குடும்பத்து வைரஸ்கள் இயற்கையாகவே இருக்கின்றன. ஆப்பிரிக்காவின் மேற்குக் கரைக்கு அப்பாலுள்ள பியோகோ தீவின் குரங்குகளிடம் கிடைத்த வைரஸ்களை வைத்து 2010இல் கணக்குப் போட்டபோது, இந்தக் குடும்பத்துக்குக் குறைந்தது 32,000 வருட வயது என்று தெரிந்தது. சிம்பன்சியின் எஸ்.ஐ.வி. மனிதர்களுக்குள் புகுந்து எச்.ஐ.வி.-1 ஆனது. மேற்கு ஆப்பிரிக்காவில் வாழும் சூட்டி மங்கபேயிடமிருந்து வந்தது எச்.ஐ.வி.-2. ஆசியாவின் ரீசஸ் குரங்குகளுக்கோ இயற்கையில் இந்த வைரஸே கிடையாது. ஆய்வுக்கூடத்தில் மங்கபேயின் வைரஸ் ரீசஸுக்குள் போய்ப் பழகியபிறகு, அதைப் பெறும் ரீசஸ் குரங்குகளில் பெரும்பாலானவற்றுக்கு ஓரிரு வருடத்தில் எய்ட்ஸ் வந்துவிடுகிறது. மனிதர்களுக்குப் பத்து வருடத்தில் நடப்பது அவற்றுக்கு அவ்வளவு சீக்கிரம் நடக்கிறது.

சூட்டி மங்கபேயின் ரத்தத்தில் வைரஸ் குறைவு என்று நினைத்துவிடாதீர்கள். ஒரு மில்லிலிட்டரில் லட்சக்கணக்கான பிரதிகள் ஓடிக்கொண்டிருக்கும். மருந்து எடுக்காத மனிதரின் ரத்தத்தில் அந்த அளவைப் பார்த்தால் மருத்துவர் பதறுவார். குரங்கோ எந்தப் பாதிப்பும் இல்லாமல் சாப்பிடுகிறது, சண்டை போடுகிறது, குட்டி போடுகிறது, கிழடாகிறது. ஆப்பிரிக்கப் பச்சைக் குரங்கும் மாண்ட்ரிலும் இப்படித்தான்.

எங்கள் கூடத்தில் ஒரு வயதான பெண் மங்கபே இருக்கிறது. பதிவேட்டில் அதற்கு ஒரு எண். பராமரிப்பாளர்கள் கூப்பிடும் பெயர் வேறு, அதை இங்கே எழுதினால் அவர்களுக்குப் பிடிக்காது. பழைய சண்டை ஒன்றில் அதன் வலது கையில் ஒரு விரல் மடங்கியே நின்றுவிட்டது. பழத்தைக் கொடுத்தால் மற்ற விரல்களால் பிடித்துத் தோலை உரித்து, தோலை முகர்ந்து பார்த்துவிட்டுத்தான் உள்ளே இருப்பதைத் தொடும். அதன் வரைபடத்தைத் திரையில் போட்டால் மேலே வைரஸ் அளவின் கோடு, கீழே சிடி4 அணுக்களின் (இந்த வைரஸ் குறிவைக்கும் வெள்ளணுக்கள்) கோடு, வருடக்கணக்கில் ஒன்றையொன்று கண்டுகொள்ளாமல் பக்கத்தில் பக்கத்தில் ஓடுகின்றன. புதிதாகச் சேரும் மாணவர்களுக்கு நான் முதலில் காட்டுவது அந்த வரைபடத்தைத்தான். பாதிப்பேர் அச்சுப் பிழை என்று நினைக்கிறார்கள்.

அடுத்து இரண்டு இனங்களின் நிணநீர் முடிச்சையும் நுண்ணோக்கியில் வைத்துக் காட்டுவேன். மங்கபேயினுடையதில் நுண்ணறைகள் வட்டம் வட்டமாக, விளிம்பு தெளிவாக இருக்கும். நோய் முற்றிய ரீசஸினுடையதில் முதலில் வீங்கி, பிறகு நார் படிந்து, கடைசியில் எது எங்கே இருந்தது என்றே தெரியாத ஒரு தழும்புதான் மிச்சம். இதைப் பார்க்க நிபுணராக இருக்க வேண்டியதில்லை. நீங்கள் யாராவது வந்தால் உங்களுக்கும் காட்டுகிறேன், இதுவரை யாரும் வந்ததில்லை.

ஏன் இந்த வித்தியாசம்? இருபது, இருபத்தைந்து வருட வேலையில் கொஞ்சம் தெரிந்திருக்கிறது. தொற்றிய முதல் நாட்களில் இரண்டு இனங்களிலும் ஒரே களேபரம்தான், வைரஸைக் கண்டதும் உடல் சுரக்கும் எச்சரிக்கைப் புரதமான இன்டர்ஃபெரான் எகிறுகிறது, எதிர்ப்பாற்றல் அணுக்கள் எல்லாம் உசுப்பப்படுகின்றன. ஆனால் மங்கபேயிலும் பச்சைக் குரங்கிலும் சில வாரங்களுக்குள் அது அடங்கிவிடுகிறது, ரீசஸில் அடங்குவதேயில்லை. 2009இல் வெளியான ஆய்வுகள் இதை மரபணு மரபணுவாகக் காட்டின. எய்ட்ஸில் உடலைச் சீரழிப்பதில் வைரஸின் பங்கு பாதிதான், ஓயாமல் எரியும் அழற்சியின் பங்கு மீதி என்ற கருத்து துறையில் வலுப்பட்டதற்கு இந்தக் குரங்குகள் ஒரு முக்கியக் காரணம். அப்புறம் குடல். ரீசஸுக்குத் தொற்று வந்த சில வாரங்களிலேயே குடல் சுவரிலிருக்கும் சிடி4 அணுக்கள் அழிந்துபோவதை 1998இல் பார்த்தார்கள். மனிதர்களிலும் அதே கதைதான் என்று ஆய்வுகள் வெளிவர 2004 ஆனது. சுவர் ஓட்டையாகிப் பாக்டீரியாப் பொருட்கள் ரத்தத்தில் கசிய, அது அழற்சிக்கு எண்ணெய் ஊற்றுகிறது. மங்கபேயில் அந்தக் கசிவு இல்லை, குடல் சுவரைக் காக்கும் டிஎச்17 அணுக்கள் அப்படியே நிற்கின்றன. வைரஸ் நுழையும் வாசலான சிசிஆர்5 புரதத்தையும் அதன் சிடி4 அணுக்கள் மிகக் குறைவாகவே வெளியில் காட்டுகின்றன, அதிலும் பழைய கிருமிகளை நினைவில் வைத்து நீண்டகாலம் வாழும் நினைவணுக்கள் ரொம்பவே பத்திரம். பச்சைக் குரங்கு இன்னும் கெட்டிக்காரத்தனமான வழி ஒன்றை வைத்திருக்கிறது: அதன் சிடி4 அணுக்கள் நினைவணுவாக மாறும்போது வைரஸ் பற்றிக்கொள்ளும் சிடி4 மூலக்கூறையே கழற்றிவிட்டு, வேலையை மட்டும் தொடர்ந்து செய்கின்றன. 2018இல் சூட்டி மங்கபேயின் முழு மரபணுத் தொகுதியைப் படித்தபோது இன்னொன்று தெரிந்தது. பாக்டீரியாவை உணரும் டிஎல்ஆர்4 புரதத்தின் வால்பகுதி அதில் வேறுமாதிரி இருக்கிறது, அதனால் பாக்டீரியாப் பொருளைக் கண்டால் அதன் ரத்த அணுக்கள் ரீசஸின் அணுக்கள் அளவுக்குப் பொங்குவதில்லை.

எனக்கு வாய்மொழியாக வந்த ஒரே விளக்கம், 'அது முடிந்துபோன கேள்வி' என்பது. மேலே சொன்னதையெல்லாம் படித்தால் அப்படித்தான் தோன்றும். ஆனால் அந்தப் பட்டியலில் எது காரணம், எது விளைவு என்று இன்னும் பிரித்தாகவில்லை. அழற்சி அடங்குவதால் குடல் தப்பிக்கிறதா, குடல் தப்பிப்பதால் அழற்சி அடங்குகிறதா? மனிதரில் இதில் எந்த ஒன்றை மருந்தால் நகலெடுத்தால் பயன் கிடைக்கும்? இதற்குப் பதில் சொல்ல, ஒரே விலங்கிடமிருந்து தொற்றுக்கு முன்னும் பின்னும் வருடக்கணக்கில் வரிசையாக எடுத்த சாம்பிள் வேண்டும். நீங்கள் அப்புறப்படுத்தச் சொல்வது சரியாக அதைத்தான்.

காலம் எவ்வளவு முக்கியம் என்பதற்கு ஒரு உதாரணம். சூட்டி மங்கபேக்கு எய்ட்ஸ் வராது என்றே எல்லோரும் சொல்லிவந்தோம். 2004இல் ஒரு கட்டுரை வந்தது: இயற்கையாகத் தொற்றிய ஒரு சூட்டி மங்கபேக்கு, 18 வருடம் கழித்து, முழுமையான எய்ட்ஸ். அதாவது அந்தப் பாதுகாப்பு முழுக்கவசம் இல்லை, எப்போதாவது உடையும், உடையும்போது என்ன நடந்தது என்று பார்த்தால் அது எப்படி நின்றுகொண்டிருந்தது என்பதும் தெரியும். மூன்று வருடத்துக்கு ஒருமுறை கணக்கு முடிக்கும் நிதி முறையில் இதை யார் கண்டுபிடித்திருப்பார்கள்? பதினேழாவது வருடத்தில் ஒரு குழு உட்கார்ந்து, இந்த விலங்கில் புதிதாக எதுவும் நடக்கவில்லை, நிறுத்தலாம் என்று சொல்லியிருந்தால்?

சாம்பிள்கள் விஷயத்துக்கு வருகிறேன். உங்கள் அலுவலகத்திலிருந்து ஒருவர் என்னிடம் கேட்டார், அளவீடுகள் எல்லாம் கணினியில் ஏறிவிட்டனவே, டப்பாக்களை எதற்கு வைத்திருக்க வேண்டும் என்று. நியாயமான கேள்விதான். நானாக விளக்குவதைவிட இந்தத் துறையில் நடந்ததையே சொல்லிவிடுகிறேன்.

மர்லின் என்று ஒரு பெண் சிம்பன்சி. குட்டியாக இருக்கும்போது ஆப்பிரிக்காவில் பிடிக்கப்பட்டு, அமெரிக்க ஆய்வுக்கூடங்களிலேயே வாழ்ந்தது. 1985இல் 98 சிம்பன்சிகளின் ரத்தத்தில் எச்.ஐ.வி.க்கு எதிரான ஆன்டிபாடி இருக்கிறதா என்று தேடியபோது, மர்லினிடம் மட்டும் இருந்தது. எச்.ஐ.வி. சோதனை எதிலும் அதைப் பயன்படுத்தியதில்லை. அதே வருடம் இரட்டைக் குட்டிகளை இறந்த நிலையில் ஈன்றபின் 26 வயதில் இறந்துபோனது. உறுப்புகளின் துண்டுகளை எடுத்து ஃப்ரீசரில் போட்டார்கள், பிறகு மறந்துவிட்டார்கள். பத்து வருடத்துக்கும் மேலாக அவை அங்கேயே கிடந்தன. 1990களின் பிற்பகுதியில் ஒரு ஃப்ரீசரைக் காலி செய்யப்போன இடத்தில் அவை கண்ணில் பட்டன. கண்டெடுத்தவர் தூக்கிப் போடாமல், அப்போது அலபாமா பல்கலைக்கழகத்தின் பர்மிங்காம் வளாகத்திலிருந்த வைரஸ் ஆய்வாளர் பியாட்ரிஸ் ஹானுக்கு அனுப்பிவைத்தார். ஹான் குழு அந்தத் திசுவிலிருந்து வைரஸின் மரபணுவைப் பெருக்கிப் படித்தது. 1999இல் வெளியான கட்டுரை, எச்.ஐ.வி.-1 எந்தச் சிம்பன்சி உள்ளினத்திலிருந்து வந்தது என்று சொன்னது. அதன் தொடர்ச்சியாகத்தான் காட்டுச் சிம்பன்சிகளின் சாணத்தைச் சேகரித்து, ஒரு விலங்கைக்கூடத் தொடாமல், தென்கிழக்கு கேமரூன்வரை 2006இல் போய்ச் சேர்ந்தார்கள். காட்டில் சிம்பன்சிகளுக்கு இந்த வைரஸால் ஆபத்தில்லை என்று அதுவரை நினைத்திருந்தார்கள். தான்சானியாவின் கோம்பே காட்டில் தொற்றுள்ளவை அதே வயதுடைய மற்றவற்றைவிட 10 முதல் 16 மடங்கு இறக்கும் அபாயத்தில் இருப்பதாக 2009இல் காட்டியதும் இந்தச் சாண முறைதான்.

1985இல் மர்லினின் ரத்தத்தில் அளக்க முடிந்த எல்லாவற்றையும் அளந்து எழுதிவைத்துவிட்டார்கள். கணினியில் ஏற்றியிருந்தால் என்ன இருந்திருக்கும்? 'ஆன்டிபாடி உண்டு' என்ற ஒரு வரி. மீதிக் கதை முழுவதும் டப்பாவுக்குள் இருந்தது, அதைப் படிக்கும் கருவி அப்போது யாரிடமும் கைக்குப் பழகவில்லை.

இது தனி ஒரு சம்பவம் இல்லை. 1985இல்தான் எஸ்.ஐ.வி.யை முதன்முதலில் பிரித்தெடுத்தார்கள், அமெரிக்காவின் நியூ இங்கிலாந்து குரங்கு ஆய்வு மையத்தில், நோயுற்ற ரீசஸ் குரங்குகளிடமிருந்து. ஆசியக் குரங்குக்கு இந்த வைரஸ் எங்கிருந்து வந்தது? விடையைத் தேடிப் பின்னோக்கிப் போனவர்கள், பழைய பதிவேடுகளையும் சேமித்துவைத்த சாம்பிள்களையும் துழாவி, கலிஃபோர்னியாவின் டேவிஸ் மையத்தில் 1960களிலும் 70களிலும் குரங்குகள் கூட்டமாக நோயுற்ற சம்பவங்களுக்குப் போய்ச் சேர்ந்தார்கள். மூளையைத் தாக்கும் குரு நோய் பற்றிய பரிசோதனைக்காக சூட்டி மங்கபேயின் திசுவை ரீசஸ் குரங்குகளுக்குள் செலுத்தியபோது, யாருக்கும் தெரியாமல் வைரஸும் கூடவே போயிருக்கிறது என்று 2006இல் எழுதினார்கள். மனிதர்களின் கதையும் இப்படியே: 1960இல் காங்கோவின் கின்ஷாசாவில் ஒரு பெண்ணிடம் எடுத்து, மெழுகுக் கட்டியில் பதித்துவைத்த நிணநீர் முடிச்சு 48 வருடம் கழித்துப் பேசியது. எச்.ஐ.வி.-1இன் முக்கியக் கிளை சுமார் 1908இலேயே, அதாவது 1884க்கும் 1924க்கும் இடையில், கிளம்பியிருக்க வேண்டும் என்று கணக்கிட அது உதவியது. (எஸ்.ஐ.வி.யைக் கண்டெடுத்த அந்த நியூ இங்கிலாந்து மையம் 2015இல் மூடப்பட்டது. மூடுவது எங்கும் நடக்கிறது, எனக்குத் தெரியும். மூடும்போது என்ன செய்கிறோம் என்பதில்தான் எனக்கும் உங்களுக்கும் வழக்கு.)

எங்கள் ஃப்ரீசர்கள் அழகாக இல்லை, ஒப்புக்கொள்கிறேன். மைனஸ் 80இல் கதவைத் திறந்தால் முதலில் பனியைச் சுரண்ட வேண்டும். பழைய குப்பிகளில் எண்கள் கையால் எழுதியவை, மை மங்கிக்கிடக்கிறது. அடித்தட்டில் ஒரு பெட்டியின் மூடி உடைந்து, ஒட்டும் நாடாவால் கட்டியிருக்கிறோம். நைட்ரஜன் தொட்டியின் மட்டம் இறங்கினால் நடுராத்திரியில் எச்சரிக்கை மணி அடிக்கும், யாராவது ஓடிவந்து நிரப்ப வேண்டும். பட்டியல் பாதிதான் கணினியில் ஏறியிருக்கிறது, மீதி ஏட்டில். அதற்கு ஆள் கேட்டு ஒவ்வொரு வருடமும் எழுதினோம், ஒவ்வொரு வருடமும் நிராகரித்தீர்கள், இப்போது 'முறையான பட்டியல் இல்லாத சேமிப்பு' என்று அதையே ஒரு குறையாகச் சொல்வதாகக் கேள்விப்படுகிறேன். இதைக் கேட்டதும் எனக்குக் கோபம் வந்தது, அதை மறைத்து எழுதத் தெரியவில்லை.

மருந்துதான் வந்துவிட்டதே என்பது அடுத்த வாதம். நல்ல மருந்துகள் வந்திருக்கின்றன, சந்தோஷம். அவற்றில் ஒன்றான டெனோஃபோவிர், குரங்குகளை எஸ்.ஐ.வி. தொற்றிலிருந்து முழுமையாகக் காத்தது என்று 1995இல் வெளியான ஆய்வு, தொற்றுக்கு முன்பே மாத்திரை எடுத்துத் தடுப்பது என்ற யோசனைக்கு அடித்தளம் போட்டது. 2012இல் அந்தத் தடுப்பு முறைக்கு அமெரிக்காவில் அனுமதி கிடைத்தது. இடையில் எத்தனை வருடம் என்று நீங்களே கழித்துப் பாருங்கள். ஆனால் ஏற்கனவே தொற்றுள்ள சுமார் 4 கோடிப் பேர் உலகில் இருக்கிறார்கள். மாத்திரையை நிறுத்தினால், பெரும்பாலோருக்குச் சில வாரங்களில் வைரஸ் திரும்ப வந்துவிடும். காரணம், அது உடலுக்குள் ஒளிந்துகொள்ளும் வேகம். ரீசஸ் குரங்குகளுக்குத் தொற்றிய மூன்றாவது நாளே, ரத்தத்தில் வைரஸ் தென்படும் முன்பே, மருந்து தொடங்கி 24 வாரம் கொடுத்து நிறுத்திப் பார்த்தார்கள், அப்போதும் வைரஸ் திரும்ப வந்தது. 2014இல் வெளியான முடிவு அது. மாத்திரையை ஒழுங்காகச் சாப்பிடுகிறவர்களுக்கும் அழற்சி முழுதாக அடங்குவதில்லை, இதய நோய் போன்றவை அவர்களுக்கு மற்றவர்களைவிட அதிகம் வருகின்றன. வைரஸை அடக்க மருந்து இருக்கிறது. வைரஸ் இருக்கும்போதே அழற்சியை அடக்கத் தெரிந்த உடல் அந்த மங்கபேயினுடையது.

சரி, குரங்கு மனிதன் இல்லையே என்பார்கள். இல்லைதான். எங்கள் துறை இதில் வாங்கிய அடிகளை நானே சொல்கிறேன். நூற்றுக்கும் மேற்பட்ட சிம்பன்சிகளுக்கு எச்.ஐ.வி.யை ஏற்றிப் பார்த்தார்கள், கிட்டத்தட்ட எதற்கும் எய்ட்ஸ் வரவில்லை, அந்தக் கேள்விக்கு அது தப்பான விலங்கு. குரங்குகளில் நம்பிக்கை தந்த ஒருவகைத் தடுப்பூசி 2007இல் மனிதர்களில் தோற்றது, குரங்குகளில் சோதனைக்குப் பயன்படுத்திய, எஸ்.ஐ.வி.யும் எச்.ஐ.வி.யும் கலந்த கலப்பு வைரஸ் சுலபமாகத் தோற்கக்கூடிய ஒன்று என்பது அதற்கு ஒரு காரணம். 2016இல் பெரிய பரபரப்போடு வந்த ஆல்ஃபா4-பீட்டா7 (வெள்ளணுக்களைக் குடலுக்கு இட்டுச்செல்லும் புரதம்) ஆன்டிபாடி ஆய்வு, குரங்குகளில் மருந்தை நிறுத்தியபிறகும் வைரஸ் அடங்கியே இருந்தது என்றது. 2019இல் மற்றவர்கள் திருப்பிச் செய்தபோது அப்படி எதுவும் நடக்கவில்லை. இதெல்லாம் உண்மை. ஆனால் இவையெல்லாம் குரங்கை மனிதனின் மாதிரியாக வைத்துச் செய்தவை. மங்கபேயை யாரும் மனிதனின் மாதிரியாக வைக்கவில்லை. மனிதனுக்கு முடியாததை அது செய்கிறது, எப்படிச் செய்கிறது என்றுதான் பார்க்கிறோம். ரீசஸின் டிரிம்5 என்ற புரதம் எச்.ஐ.வி.யின் மரபணுவைப் பொதிந்திருக்கும் உள்ளுறையைப் பிடித்து நிறுத்துவதை 2004இல் கண்டுபிடித்ததும் இதேமாதிரிக் கேள்வியிலிருந்துதான். அந்த உள்ளுறையையே குறிவைக்கும் லெனகாபவிர் மருந்து இன்று வருடத்துக்கு இரண்டு ஊசியாக வந்திருக்கிறது. ஒன்றிலிருந்து மற்றது நேராகப் பிறந்தது என்று சொல்ல மாட்டேன், உள்ளுறை ஒரு பலவீனமான இடம் என்பதைக் குரங்கின் புரதம் முன்பே காட்டிவிட்டது என்பதை மட்டும் சொல்கிறேன்.

விலங்குகளின் நலன் பற்றிப் பேசாமல் இந்தக் கடிதத்தை முடிக்க மாட்டேன், ஏனென்றால் உங்கள் முடிவை வரவேற்றவர்களில் என் நண்பர்களும் இருக்கிறார்கள். அவர்கள் பக்கம் நியாயம் இருக்கிறது. கூண்டிலிருக்கும் ஒரு விலங்கை மயக்கி, நிணநீர் முடிச்சின் ஒரு பகுதியை வெட்டி எடுத்து, தையல் போட்டு, அது கண் திறக்கும்வரை பக்கத்தில் உட்கார்ந்திருப்பவன் நான். அது சாதாரண விஷயம் என்று எனக்கு ஒருநாளும் தோன்றியதில்லை. புதிதாக ஒரு குரங்குக்குக்கூடத் தொற்று ஏற்ற வேண்டாம் என்று நீங்கள் சொன்னால் நான் கையெழுத்துப் போடுவேன், எங்கள் மங்கபேக்களுக்கு அதற்குத் தேவையே இல்லை. ஆனால் ஏற்கனவே எடுத்தவற்றை, அதுவும் இறந்துபோன விலங்குகளிடமிருந்து எடுத்தவற்றைக் கொட்டுவதால் எந்த விலங்குக்கு நல்லது? நாளைக்கு யாருக்காவது அந்தத் திசு தேவைப்பட்டால் இன்னொரு விலங்கைத்தான் தேடிப் போவார்கள். சூட்டி மங்கபே காட்டிலும் குறைந்துவரும் இனம், புதிதாகப் பிடித்துக்கொண்டுவருவதை நினைத்தும் பார்க்கக் கூடாது. செயற்கைக் குடல் திசுவை வைத்துச் செய்யலாமே என்று உங்களில் யாராவது கேட்டால், செய்யலாம், நாங்களும் செய்கிறோம். குடல், நிணநீர் முடிச்சு, எலும்பு மஜ்ஜை மூன்றும் இருபது வருடம் ஒன்றோடொன்று பேசிக்கொள்வது கிண்ணத்தில் நடக்காது.

உயிரோடிருக்கும் விலங்குகள் பற்றிய முடிவு 'பின்னர் தெரிவிக்கப்படும்' என்று எழுதியிருக்கிறீர்களே, அதுதான் என்னை ரொம்ப உறுத்துகிறது. பராமரிப்பாளர்களுக்கு அதன் அர்த்தம் தெரியும். எச்.ஐ.வி.-2இன் மூல வைரஸைச் சுமக்கும் விலங்குகளைச் சுலபமாக வேறொரு சரணாலயம் ஏற்றுக்கொள்ளாது, ஆகவே செலவைக் குறைக்க ஒரு வழிதான் மிஞ்சும் என்று அவர்களே கணக்குப் போட்டுவிட்டார்கள். இந்தத் திட்டத்தில் என்னைவிட நீண்டகாலம் இருப்பவர்கள் அவர்கள். எந்த விலங்கு இன்று தீனியை மெல்லாமல் கன்னப்பையில் வைத்திருக்கிறது, எது கூட்டத்திலிருந்து விலகி உட்கார்ந்திருக்கிறது என்று எங்கள் கருவிகளுக்கு முன்னால் கண்டுபிடித்துச் சொல்பவர்கள். அவர்களிடம் யாரும் ஒரு வார்த்தை பேசவில்லை. அறிவிப்புப் பலகையில் ஒட்டிய தாளிலிருந்து தெரிந்துகொண்டார்கள்.

நான் கேட்பவை இவை.

சாம்பிள்களை அப்புறப்படுத்தும் உத்தரவை இன்றே நிறுத்திவையுங்கள், எழுத்தில். வெளியிலிருந்து இந்தத் துறை தெரிந்தவர்கள் வந்து பார்த்து, எது மாற்று இல்லாதது, எது உண்மையிலேயே வீணானது என்று பிரித்துச் சொல்லும்வரை ஒரு குப்பியும் வெளியே போகக் கூடாது, நைட்ரஜன் தொட்டிகளும் நிரம்பியே இருக்க வேண்டும். வீணானதை நானே எடுத்துக் கொட்டுகிறேன், அதில் எனக்கு எந்தத் தயக்கமும் இல்லை. ஏட்டிலிருக்கும் பட்டியலைக் கணினியில் ஏற்ற ஒரு ஆளை ஒரு வருடத்துக்குக் கொடுங்கள். பட்டியல் முடிந்ததும் அதைப் பொதுவில் வையுங்கள், தகுந்த கேள்வியோடு வரும் எந்த ஆய்வுக்கூடத்துக்கும் சாம்பிளைப் பகிர்ந்துகொள்ள ஒப்புதல் கொடுங்கள். நம்மால் வைத்துக்கொள்ளவே முடியாது என்றால் வைத்துக்கொள்ளத் தயாராக இருக்கும் வேறு நிறுவனத்துக்கு மாற்றக் கால அவகாசம் கொடுங்கள்.

உயிரோடிருக்கும் மங்கபேக்களைப் பணத்துக்காகக் கொல்ல மாட்டோம் என்று அறிவியுங்கள். கூட்டமாகவே, இப்போது இருப்பவர்களின் பராமரிப்பிலேயே, இயற்கையாக இறக்கும்வரை வாழட்டும். புதிய தொற்று ஏற்றுவது, சோதனைக்காக அறுவை செய்வது எதுவும் வேண்டாம். வழக்கமான உடல்நலப் பரிசோதனையில் எடுக்கும் ரத்தத்தில் ஒரு பங்கும், இயற்கையாக இறந்தபின் திசுவும் போதும் எங்களுக்கு.

இந்த முடிவுக்கான காரணங்களையும் கூட்டக் குறிப்புகளையும் வெளியிடுங்கள். மறுபரிசீலனை செய்யும் கூட்டத்தில் இயற்கையாகத் தொற்றுள்ள குரங்குகளில் வேலை செய்த ஒரு நோய் எதிர்ப்பியலாளர், விலங்குப் பராமரிப்பாளர்களின் பிரதிநிதி ஒருவர், எச்.ஐ.வி.யோடு வாழும் ஒருவர் ஆகிய மூவருக்கும் வாக்குரிமையோடு இடம் வேண்டும், அதில் நான் இருக்க வேண்டும் என்று கட்டாயமில்லை. நிதியாண்டு முடிவதற்குள் அந்தக் கூட்டம் நடக்க வேண்டும். பதிலை எனக்கு மட்டும் அனுப்பாமல் பராமரிப்பாளர்களுக்கும் அனுப்புங்கள், இந்த முறை அறிவிப்புப் பலகை வழியாக வேண்டாம்.

இப்படிக்கு,
அந்தச் சாம்பிள்களின் பொறுப்பாளர்